ஏப்ரலில் வட கடல் சில்லிட்டிருக்கும்போதே பாக்டீரியா பெருகுவது ஏன்?

மாலதி ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். நான் கல்லூரியில் இளநிலை மாணவர்களுக்கு நுண்ணுயிரியல் நடத்துகிறேன். வெப்பநிலையும் பாக்டீரியா வளர்ச்சியும் என்ற பகுதிக்கு வரும்போதெல்லாம் தோசை மாவைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். சித்திரையில் மாலைக்குள் பொங்கி வழிகிற அதே மாவு, மார்கழியில் விடிந்த பிறகும் அசையாமல் கிடக்கும். சூடு கூடினால் நுண்ணுயிர் வேகமாகப் பெருகும், குறைந்தால் மந்தமாகும் என்பது அதிலிருந்தே மாணவர்களுக்குப் பிடிபட்டுவிடும்.

சென்ற வாரம் ஒரு மாணவி, ஜெர்மனியின் ஹெல்கோலாண்ட் தீவருகே எடுத்த கடல்நீரைப் பற்றிய வரைபடம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள். அங்கே ஆகஸ்டில்தான் கடல் மிகவும் வெதுவெதுப்பாக இருக்கிறது; ஆனால் பாக்டீரியா எண்ணிக்கை மளமளவென்று ஏறுவதோ ஏப்ரலில், நீரின் வெப்பநிலை இன்னும் 10 பாகையைக்கூடத் தொடாத நாட்களில். அதோடு, எல்லா பாக்டீரியாவும் ஒன்றாகப் பெருகவில்லை. ஒரு வகை ஏறி இறங்கிய பின் இன்னொரு வகை ஏறுகிறது. "அப்படியானால் மாவுக் கணக்கு கடலுக்குப் பொருந்தாதா?" என்று அவள் கேட்டபோது, தெரிந்துகொண்டு வந்து சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன். குளிர்ந்த கரைக்கடலில் பாக்டீரியாவின் பருவங்களை நடத்துவது எது என்பதை, இத்துறையில் இருப்பவர்கள் சற்று விரிவாகவே விளக்கினால் மிகவும் உதவியாக இருக்கும்.

வடகடலோரம்:

மாலதி அம்மா அவர்களுக்கு வணக்கம். வட கடல் ஓரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் சில ஆண்டுகள் கடல்நீரை வடிகட்டுவதையே முழுநேர வேலையாகச் செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

உங்கள் மாவு உவமை தவறன்று. ஆனால் மாவில் அரிசியும் உளுந்தும் எப்போதும் வேண்டிய மட்டும் இருக்கின்றன. உணவுக்குக் குறைவில்லாத இடத்தில் வேகத்தைத் தீர்மானிக்கச் சூடு ஒன்றுதான் மிஞ்சுகிறது. கடல்நீர் அப்படிப்பட்ட இடமன்று. அதில் கரைந்திருக்கும் கரிமப் பொருளில் பெரும்பகுதி எளிதில் செரிக்காத பழம்பொருள். பாக்டீரியா உடனே உண்ணக்கூடியது மிகச் சிறு பங்குதான். ஆகவே ஆண்டின் பெரும்பகுதியை அவை அரைப்பட்டினியில் கழிக்கின்றன. சூடு எவ்வளவு வேகமாக உண்ணலாம் என்பதற்கு வரம்பு கட்டுகிறது. எப்போது பந்தி போடப்படும், எதைப் பரிமாறுவார்கள் என்பதைத் தீர்மானிப்பது பாசிதான்.

குளிர்காலத்தில் வட கடலைப் புயல்கள் அடிவரை கலக்கிவிடுவதால் நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் ஆகிய உரங்கள் நீரில் நிறைந்திருக்கும். இல்லாதது ஒளி மட்டுமே. மார்ச்சில் பகல் நீண்டு, நீர் சற்றுத் தெளிந்தவுடன், கண்ணாடிக் கூடு கொண்ட டயாட்டம் என்னும் நுண்பாசிகள் பெருகத் தொடங்குகின்றன. ஒளியைப் பிடிக்கும் வேலையைக் குளிர் அவ்வளவாகத் தடுப்பதில்லை என்பதால் 5, 6 பாகை நீரிலேயே இந்தப் பெருக்கம் நடந்துவிடும். பிறகு அவை கசியவிடும் சர்க்கரை, சாகும்போது உடைந்து கொட்டும் உள்ளீடு, விலங்கு மிதவையுயிர்கள் அவற்றை மென்று சிந்தும் எச்சம் ஆகிய எல்லாம் நீரில் கலக்கின்றன. இதில் லாமினாரின் என்னும் கூட்டுச் சர்க்கரைக்குத் தனி இடம் உண்டு. டயாட்டம்கள் பகலில் சேர்த்து இரவில் செலவிடும் சேமிப்புப் பொருள் இது. கடல்நீரில் மிதக்கும் துகள்களின் கரிமத்தில் சராசரியாகக் கால் பங்கு லாமினாரின்தான் என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. கிணறு நிறையத் தண்ணீரில் ஒரு கைப்பிடி மாவைக் கரைத்துவிட்டுச் சித்திரை வெயிலில் வைத்தாலும் அது பொங்காது. ஏப்ரல் மாதத்து வட கடலில் தண்ணீர் குளிர்ந்திருந்தாலும் மாவு கெட்டியாக இருக்கிறது.

இனி உங்கள் மாணவி கேட்ட வரிசைக்கு வருகிறேன். ஹெல்கோலாண்ட் ஜெர்மன் கரையிலிருந்து ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில் உள்ள செம்பாறைத் தீவு. பெரிய தீவுக்கும் பக்கத்திலுள்ள மணல் தீவுக்கும் இடைப்பட்ட நீரில் 1962 முதல் ஒவ்வொரு வேலைநாளும் மாதிரி எடுத்து, வெப்பநிலை, உப்பு, உரங்கள், பாசிகள் ஆகியவற்றைக் குறித்து வருகிறார்கள். பிரெமன் நகரத்து மாக்ஸ் பிளாங்க் கடல் நுண்ணுயிரியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஹன்னோ டீலிங், ருடால்ஃப் ஆமன் முதலானோர் 2009ஆம் ஆண்டு வசந்தத்தை அங்கே நெருக்கமாகப் பின்தொடர்ந்து, முடிவுகளை 2012இல் வெளியிட்டார்கள். பெருக்கத்துக்கு முன்பு சார்-11 என்னும் மிகச் சிறிய பாக்டீரியாவுக்கு நீரில் பெரும் பங்கு இருந்தது. டயாட்டம்கள் மடியத் தொடங்கியதும் ஃப்ளேவோபாக்டீரியா என்னும் பாக்டீரியா வகுப்பைச் சேர்ந்தவை மேலே வந்தன. அவற்றுள்ளும் உல்விபாக்டர் முதலில் எழுந்தது, பிறகு ஃபார்மோசா, போலாரிபாக்டர் என்று அலை அலையாக வந்தன. காமா என்னும் வேறொரு பாக்டீரியா வகுப்பைச் சேர்ந்த ரைனெகியாவும் அந்த ஆண்டு திடீரென்று பெருகியது. 2009 முதல் 2012 வரை நான்கு வசந்தங்களை ஒப்பிட்டபோது, பாசி இனங்கள் ஆண்டுக்காண்டு மாறினாலும் பாக்டீரியாவின் முக்கிய வகைகள் பெரும்பாலும் திரும்பி வந்தன.

பாசி மாறினாலும் பாக்டீரியா திரும்புவதற்குக் காரணம், அவை பாசியின் பெயரைப் பார்ப்பதில்லை, சர்க்கரையைத்தான் பார்க்கின்றன என்பதே. ஃப்ளேவோபாக்டீரியாவின் மரபணுத் தொகுதியில் ஒவ்வொரு கூட்டுச் சர்க்கரைக்கும் என்று தனித்தனி மரபணுக் கொத்து உண்டு. சங்கிலியை வெட்டும் நொதி, துண்டைப் பிடித்து நிறுத்தும் புரதம், வெளிச்சவ்வு வழியாக உள்ளே இழுக்கும் வாயில், கந்தகக் குழுவைக் கழற்றும் நொதி என்று ஒரு வேலைக்கு வேண்டிய கருவிகள் எல்லாம் ஒரே பெட்டியில் அடுக்கியதுபோல் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். எளிதாக உடையும் லாமினாரின் முதலில் தீர்கிறது. கந்தகம் ஏறிய சிக்கலான சர்க்கரைகளுக்கு வேறு கருவிப்பெட்டி வேண்டும், அது வேறொரு வகையிடம் இருக்கிறது. சிலவற்றை அந்த வசந்தத்துக்குள் யாராலும் தீர்க்க முடிவதில்லை. டயாட்டம் சுரக்கும் ஃபியூக்கோஸ் கலந்த கந்தகச் சர்க்கரை, பெருக்கத்தின்போது நீரில் சேர்ந்துகொண்டே போனதை 2016ஆம் ஆண்டு ஹெல்கோலாண்ட் மாதிரிகளில் கண்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. ஃப்ளேவோபாக்டீரியாவில் சில, சர்க்கரைச் சங்கிலியை வெளியிலேயே முழுக்க உடைத்து அக்கம்பக்கத்தாருக்கும் சிந்துவதில்லை. பெரிய துண்டாக வெட்டி உடனே உள்ளே இழுத்துக்கொண்டு பிறகு செரிக்கின்றன. ஒளிரும் சாயம் ஏற்றிய சர்க்கரையைக் கொடுத்துப் பார்த்தபோது, சாயம் செல்லுக்குள் போய்த் தங்கியதை நுண்ணோக்கியில் காண முடிந்தது. என் மேசையில் முதன்முதலாக அந்தப் பச்சை ஒளியைக் கண்ட மாலையை நான் மறக்கவில்லை.

கைவேலையிலேயே இந்தப் பருவமாற்றம் தெரியும். ஜனவரியில் ஒரு லிட்டர் நீரை 0.2 மைக்ரோமீட்டர் துளையுள்ள வடிதாள் வழியாக இழுத்தால், நேரம் பிடித்தாலும் முழுவதும் இறங்கிவிடும். தாள் ஏறக்குறைய வெள்ளையாகவே இருக்கும். ஏப்ரல் நடுவில் அதே தாள் அரை லிட்டருக்குள் அடைத்துக்கொள்ளும். தேநீர் சிந்தி உலர்ந்ததுபோல் பழுப்புப் படலம் ஒட்டியிருக்கும், அறை முழுக்க ஈரப்பாசி வாடை வீசும். டி.என்.ஏ.வில் ஒட்டும் நீலச் சாயம் இட்டுப் பார்த்தால், ஜனவரியில் ஊசிமுனைப் புள்ளிகளாகத் தெரிபவை, ஏப்ரல் கடைசியில் நீண்டு தடித்த குச்சிகளாகத் தெரியும். உடைந்த டயாட்டம் கூட்டைச் சுற்றி அவை மொய்த்திருப்பதும் உண்டு.

நாங்கள் ஓர் ஆண்டு ஆள் பற்றாக்குறையால் மாதம் இருமுறை மட்டுமே மாதிரி எடுத்தோம். அந்த ஆண்டின் வரைபடத்தில் வசந்தம் ஒரே ஒரு மேடாகத்தான் வந்தது. ஒன்றன்பின் ஒன்றாக வரும் அலைகள் இரண்டு மாதிரிகளுக்கு இடையில் நழுவிவிட்டன. ஒவ்வொரு வகையும் உச்சத்தில் நிற்பது சில நாட்கள், மிஞ்சினால் ஓரிரு வாரம். சாட்டை போன்ற இழையால் நீந்தும் நுண்ணிய கசையுயிர்கள் அவற்றை மேய்ந்துவிடுகின்றன, வைரஸும் தாக்குகிறது. ஹெல்கோலாண்டில் நாள்தோறும் படகு போவதன் அருமையை அப்போதுதான் உணர்ந்தேன்.

பனிக்கடல்:

மேலே உள்ள விளக்கம் எனக்கும் உடன்பாடானதே. ஆனால் வெப்பநிலையைச் சற்று அதிகமாகவே ஓரத்தில் நிறுத்திவிட்டதாகப் படுவதால் இதை எழுதுகிறேன். ஹெல்கோலாண்டை விடவும் குளிர்ந்த நீர்களில் கதை அவ்வளவு எளிதாக முடிவதில்லை.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் வசந்தப் பாசிப்பெருக்கம் −1 முதல் 2 பாகை வரையிலான நீரில் நடக்கிறது. லாரன்ஸ் பொமராய், டான் டீபல் இருவரும் 1986இல் அங்கே கண்டது, பாசி செழித்து நிற்கும்போதே பாக்டீரியாவின் வளர்ச்சியும் மூச்சும் மிகவும் அடங்கிக் கிடந்தன என்பது. இதன் விளைவு பெரியது. பாக்டீரியா உண்ணாமல் விட்ட பாசி, கோபிபோடு போன்ற சிற்றுயிர்களின் வாய்க்கும் கடலடிக்கும் போய்ச் சேர்கிறது. அத்தகைய கரைகளில் கடலடி விலங்குகளும் மீனும் செழிப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள்.

பத்து ஆண்டுகள் கழித்து ரிச்சர்ட் ரிவ்கினும் உடன் பணியாற்றியோரும் பல கடல்களின் அளவீடுகளைத் தொகுத்துப் பார்த்து, 4 பாகைக்குக் கீழே உள்ள நீரிலும் மேலே உள்ள நீரிலும் பாக்டீரியாவின் வளர்ச்சி வேகத்தில் பொதுவாக வேறுபாடு தெரியவில்லை என்று எழுதினார்கள். இந்த வழக்கு நெடுநாள் நடந்தது. எனக்கு மிகவும் ஏற்புடையதாகத் தோன்றுவது, வீபும் பொமராயும் பின்னர் வலியுறுத்திய கருத்துத்தான்: சூடும் உணவும் தனித்தனிக் காரணிகள் அல்ல. வாழும் வரம்பின் கீழ்முனைக்கு அருகே குளிர் இறங்கும்போது, பாக்டீரியாவுக்கு அதே வேகத்தில் வளரக் கூடுதல் செறிவில் உணவு தேவைப்படுகிறது. செல்லின் சவ்வு இறுகி, உணவை உள்ளே இழுக்கும் புரதங்கள் தளர்வதே இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. அதாவது, குளிரில் பாக்டீரியாவின் கை குட்டையாகிறது. தட்டை அருகில் வைத்தால் உண்ணும், எட்ட வைத்தால் பட்டினி.

வகுப்பில் சொல்ல இதைவிடத் தெளிவான ஒரு சான்று அண்டார்க்டிகாவில் இருக்கிறது. ஆன்வர்ஸ் தீவின் பாமர் நிலையத்தை ஒட்டிய கரைநீர், குளிர்காலத்தில் −1.8 பாகைக்கு அருகில், அதாவது உறைநிலையிலேயே நிற்கிறது. கோடையில்கூட ஒன்றிரண்டு பாகைக்கு மேல் ஏறுவது அரிது. ஆண்டு முழுவதும் சூடு ஏறக்குறைய அசையவே இல்லை, ஆனால் உயிர்கள் மாறிவிடுகின்றன. குளிர்கால இருட்டில் ஆர்க்கியா என்னும் வேறொரு கிளையைச் சேர்ந்த நுண்ணுயிர்கள் பெருகி நிற்கின்றன. எட்வர்ட் டிலாங் 1994இல் வெளியிட்ட ஆய்வில், அண்டார்க்டிகக் கரையோர மேற்பரப்பு நீரின் நுண்ணுயிர்ப் பொருண்மையில் 34 விழுக்காடு வரை ஆர்க்கியா இருந்தது. அவற்றுள் பல அம்மோனியாவை ஆக்சிகரித்து வாழ்பவை, எனவே பாசி தரும் சர்க்கரைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கோடையில் பாசி பூத்ததும் அவை மேற்பரப்பில் அருகிவிட, ஃப்ளேவோபாக்டீரியாவும் ரோசியோபாக்டர் என்னும் பாக்டீரியாக் கூட்டமும் இடம் பிடிக்கின்றன. வெப்பமானி ஏறக்குறைய அசையாத ஓரிடத்தில் பருவம் இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்றால், ஒளியும் அது கொணரும் உணவும்தான் முதன்மை என்ற முந்தைய பதிலுக்கே இது வலுச் சேர்க்கிறது. நியூஃபவுண்ட்லாந்து சொல்வதையும் இதோடு சேர்த்துச் சொல்லுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

மாலதி ஆசிரியை:

இருவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. குளிரில் கை குட்டையாகும் என்ற விளக்கத்தை நாளையே வகுப்பில் சொல்லப் போகிறேன். மாணவியிடம் இதைப் பகிர்ந்தபோது அவள் கேட்ட அடுத்த கேள்வியையும் எழுதிவிடுகிறேன். ஏப்ரலில் வரும் ஃப்ளேவோபாக்டீரியா ஜனவரியில் எங்கே இருந்தன? ஆண்டுதோறும் வேறு நீரோட்டம் கொண்டுவந்து விடுகிறதா, அல்லது அங்கேயே ஒளிந்திருக்கின்றனவா? கடல் சூடேறி வருவதால் இந்தப் பெருக்கம் முன்கூட்டியே வந்துவிடுமா என்பதையும் யாராவது சொன்னால் நல்லது.

கால்வாய்க்கரை:

முதல் கேள்விக்கு ஆங்கிலக் கால்வாயின் மேற்குப் பகுதியிலிருந்து நல்ல விடை உண்டு. பிளிமத் நகருக்கு வெளியே எல்-4 என்ற இடத்தில் 2003 முதல் 2008 வரை ஆறு ஆண்டுகள் எடுத்த மாதிரிகளில், ஜாக் கில்பெர்ட் குழுவினர் பாக்டீரியா வகைகளின் எண்ணிக்கை கோடையில் அல்ல, ஆண்டுதோறும் குளிர்காலத்தில், பகல் மிகக் குறுகியிருக்கும் நாட்களை ஒட்டி உச்சத்துக்குப் போவதைக் கண்டார்கள். அந்த ஏற்ற இறக்கத்தோடு வெப்பநிலையை விடப் பகலின் நீளமே நெருக்கமாகப் பொருந்தியது. பின்னர் அந்த வரிசையிலிருந்து ஒரே ஒரு மாதிரியை எடுத்து, மரபணு வாசிப்பைப் பன்மடங்கு ஆழமாக நடத்தியபோது, ஆறு ஆண்டுகளில் எப்போதாவது தென்பட்ட வகைகளில் 95 விழுக்காட்டுக்கும் மேல் அந்த ஒரு மாதிரியிலேயே கிடைத்துவிட்டன. ஆகவே பெரும்பாலானவை எங்கும் போவதில்லை. விதைநெல்போல மிகக் குறைந்த எண்ணிக்கையில் அதே நீரில் இருக்கின்றன. தம் உணவு வரும்போது முளைக்கின்றன. நீரோட்டத்துக்குப் பங்கே இல்லை என்று இதிலிருந்து முடிவு செய்துவிட வேண்டாம். வந்தால்தான் உண்டு என்ற நிலை இல்லை என்பதே பொருள்.

இரண்டாவது கேள்விக்கு ஹெல்கோலாண்டே எதிர்பாராத விடை தருகிறது. 1962க்குப் பிறகு அங்கே கடல்நீர் 1.5 பாகைக்கும் மேல் சூடேறியிருக்கிறது. அப்படியானால் வசந்தம் முந்த வேண்டும் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் கேரன் வில்ட்ஷயர், பிரையன் மேன்லி இருவரும் 2004இல் காட்டியது, இலையுதிர் காலம் வெதுவெதுப்பாக இருந்தபின் வரும் வசந்தத்தில் டயாட்டம் பெருக்கம் தாமதமாகவே வந்தது என்பது. சூடான இலையுதிர் காலத்தில் பாசியை மேயும் சிற்றுயிர்கள் நெடுநாள் தங்கி, விதைப் பாசியைக் குறைத்துவிடுவது காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள். பாசி தள்ளிப்போனால் அதை நம்பியிருக்கும் பாக்டீரியாவும் தள்ளித்தான் போகும்.

எண்ணும் எழுத்தும்:

ஆசிரியை அவர்களுக்கு ஒரு சிறு எச்சரிக்கை. மாணவியின் வரைபடத்தில் நிலைக்குத்து அச்சு விழுக்காட்டிலா, அல்லது ஒரு மில்லி லிட்டருக்கு இத்தனை செல் என்ற கணக்கிலா என்று பார்த்துவிடுங்கள். மரபணு வாசிப்பு தருவது பங்கை மட்டுமே. எடுத்துக்காட்டாக, மில்லி லிட்டருக்கு 6 லட்சம் செல் உள்ள மார்ச் நீரில் சார்-11இன் பங்கு 40 விழுக்காடு என்றும், 25 லட்சம் செல் உள்ள மே நீரில் அதன் பங்கு 15 விழுக்காடு என்றும் வைத்துக்கொள்வோம். விழுக்காட்டுப் படத்தில் அது சரிந்து விழுந்ததாகத் தெரியும். எண்ணிப் பார்த்தால் 2 லட்சத்து 40 ஆயிரத்திலிருந்து 3 லட்சத்து 75 ஆயிரமாக ஏறியிருக்கிறது. அது எங்கும் போகவில்லை, பக்கத்தில் இருந்தவர்கள் அதைவிட வேகமாகப் பெருகிவிட்டார்கள், அவ்வளவுதான். ஹெல்கோலாண்ட் ஆய்வுகளில் ஒவ்வொரு வகைக்கும் தனி ஒளிர்சாயம் இட்டு நுண்ணோக்கியில் செல்களை எண்ணியதன் காரணம் இதுவே. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் எழுதப்பட்ட மாணவர் அறிக்கைகளை நான் நிறையப் படித்திருக்கிறேன்.

மாலதி ஆசிரியை:

பார்த்துவிட்டேன். மேலே உள்ள படம் விழுக்காட்டில் இருக்கிறது, கீழே உள்ளது எண்ணிக்கையில். மாணவி சுட்டிக்காட்டிய ஏப்ரல் ஏற்றம் கீழ்ப்படத்தில்தான். வகைகளின் வரிசையை மட்டும் நாங்கள் மேல்படத்திலிருந்து படித்திருக்கிறோம், அதை இனி எண்ணிக்கையோடு சேர்த்துத் திருத்துகிறோம். திங்கட்கிழமை செய்முறை வகுப்பில் நான்கு கிண்ணம் வைப்பதாக இருக்கிறோம்: கெட்டி மாவு இரண்டில், ஒரு கரண்டி மாவைக் குடம் நீரில் கரைத்து எடுத்தது இரண்டில். ஒவ்வொன்றிலும் ஒரு கிண்ணம் மேசை மேல், இன்னொன்று குளிர்பெட்டியில். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை சொட்டு எடுத்து எண்ணப்போவது அந்த மாணவிதான்.